பன்னிரண்டு கற்களும் கறையான் அரித்த கொப்பியும்: எத்தனை மட்ட அட்டவணைகள் பொருந்தும்?

வன்னியில் வயலுக்குத் தண்ணீர் தானாக ஓடித்தான் போக வேண்டும். அருவி ஆற்றுத் தண்ணீர் தேக்கம் அணைக்கட்டிலிருந்து கட்டுக்கரைக்குளத்துக்கு வருவதும், இரணைமடுக் குளத்தின் துருசை (மதகை) திறந்ததும் கடைசி வயல்வரை பாய்வதும் நிலத்தின் சரிவால் மட்டும்தான். நிலமோ தட்டை. ஆயிரம் மீற்றருக்கு அரை மீற்றர் இறக்கம் கிடைத்தால் வயல் வாய்க்காலுக்கு அது தாராளம். அதனால் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கூடினாலும் குறைந்தாலும், சிறுபோகத்தில் யாருடைய வயல் காய்கிறது என்பதே மாறிவிடும்.

இது ஒட்டுசுட்டான் பக்கம் உள்ள ஒரு சிறு குளத்தின் வயல் வாய்க்கால் பற்றியது. துருசடியில் தொடங்கி, கழிவு வாய்க்காலில் சேரும் இடம்வரை, ஏறக்குறைய நூறு மீற்றருக்கு ஒன்றாக 12 கொங்கிறீற் கற்கள் நட்டிருக்கிறார்கள். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு யாரோ ஒருவர் உயர வித்தியாசம் பார்க்கும் லெவல் கருவி வைத்து, ஒவ்வொரு கல்லடியிலும் வாய்க்காலின் அடிமட்டத்தை அளந்து ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். ஆனால் எந்தக் கல்லின் உயரமும் அதில் நேரடியாக இல்லை. இந்தக் கல்லுக்கும் அந்தக் கல்லுக்கும் இவ்வளவு வித்தியாசம் என்று சோடி சோடியாகத்தான் இருந்தது. அதிலும் பாதிப் பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது.

கமக்காரர் அமைப்பின் செயலாளருக்குத் தேவைப்பட்டது திருத்த வேலை மதிப்பீட்டோடு இணைப்பதற்கு 12 கல்லுக்குமான மட்ட அட்டவணை. லெவல் கருவி அரை நாளுக்குத்தான் இரவல் கிடைக்கும். “முழுக்கத் திருப்பிப் பிடிக்க நேரம் காணாது தம்பி. எங்க எங்க பிடிச்சாக் காணும் எண்டு மட்டும் சொல்லுங்கோ” என்றார். நிரலாக்கம் படிக்கும் உயர்தர மாணவர்கள் சிலரோடு இருந்து இதைப் போட்டுப் பார்த்தோம்.

கொப்பியில் வாசிக்கக்கூடியதாக இருந்தவை இவ்வளவுதான். கழித்தல் குறி என்றால் இரண்டாவது கல் பதிவு, அளவு சென்ரிமீற்றரில்.

1→2: −4
2→3: −7
1→4: −15
4→5: −6
3→5: −10
6→7: −9
7→8: +3
8→9: −12
10→11: −5
11→12: −8
10→12: −18

இன்னொரு விஷயமும் தெரியும். குளத்தின் பழைய வரைபடத்தின்படி, துருசின் அடி கழிவு வாய்க்காலின் அடியைவிட 60 செ.மீ. உயரம். எனவே கழிவு வாய்க்கால் அடியை 0 என்று வைத்தால், எந்தக் கல்லின் மட்டமும் 0 முதல் 60 வரைக்குள் ஒரு முழு எண். அதாவது ஒவ்வொரு கல்லுக்கும் 61 தெரிவுகள்.

கேள்வியைச் சுத்தமாக எழுதினால் இப்படி வரும்: 0 முதல் 60 வரையான முழு எண்களால் ஆன, 12 உறுப்புகள் கொண்ட தொடர்களில், மேலே உள்ள சோடி வித்தியாசங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்துபவை எத்தனை? நிரலாக்கப் போட்டிகளில் இதே கேள்வி பல வேடங்களில் வரும். அடுத்தடுத்த உறுப்புகளின் வித்தியாசம் மட்டும் தருவது சுலபமான வேடம். எந்தச் சோடியையும் தரலாம், சில உறுப்புகள் பற்றி ஒன்றுமே சொல்லாமல் விடலாம் என்பது கொஞ்சம் கடினமானது. நம் கொப்பி இரண்டாவது வகை.

எண்ணிக்கை எதற்கு, அட்டவணைதானே வேண்டும் என்று ஒரு மாணவன் கேட்டான். நியாயமான கேள்வி. எண்ணிக்கை 1 என்றால் வேலை முடிந்தது. 0 என்றால் கொப்பியில் பிழை இருக்கிறது. பெரிய எண் என்றால் இன்னும் எவ்வளவு அளக்க வேண்டும் என்பதை அந்த எண்ணை உடைத்துப் பார்த்தே சொல்லிவிடலாம். செயலாளர் கேட்டதும் அதைத்தான், வேறு சொற்களில்.

எல்லை இல்லாவிட்டால் எண்ணிக்கை என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வித்தியாசங்களுக்குப் பொருந்தும் ஒரு தொடர் கிடைத்தால், எல்லா உறுப்போடும் 1 ஐக் கூட்டினாலும் அது பொருந்தும், 1000 ஐக் கூட்டினாலும் பொருந்தும். துருசும் கழிவு வாய்க்காலும் மேலும் கீழும் அடைப்பதால்தான் எண்ண முடிகிறது.

எல்லாவற்றையும் எழுதிப் பார்ப்பது நடக்காத காரியம். 61 ஐப் 12 தடவை பெருக்கினால் 22 இலக்க எண் வரும். அதற்குத் தேவையும் இல்லை. கற்களைப் புள்ளிகளாகவும் கொப்பியின் ஒவ்வொரு வரியையும் இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோடாகவும் வரைந்தால், படம் மூன்று துண்டாகப் பிரிந்து நிற்கிறது: 1 முதல் 5 வரை, 6 முதல் 9 வரை, 10 முதல் 12 வரை. ஒரு துண்டுக்குள் ஒரு கல்லின் மட்டம் தெரிந்தால் மற்றவை தாமாக வந்துவிடும். துண்டுக்குத் துண்டு எந்தத் தொடர்பும் இல்லை. எனவே ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே எண்ணிப் பெருக்கினால் போதும்.

முதல் துண்டில் 1ஆம் கல்லைத் தொடக்கமாக வைத்தால் மற்றவை −4, −11, −15, −21 இல் இருக்கும். 5ஆம் கல்லுக்கு இரண்டு வழியில் போகலாம். 4 வழியாகப் போனாலும் 3 வழியாகப் போனாலும் −21. பொருந்துகிறது. உச்சிக்கும் அடிக்கும் இடைவெளி 21. இந்தத் துண்டை 61 படிகள் உள்ள ஏணியில் மேலும் கீழும் நகர்த்தினால், வெளியே தள்ளுப்படாமல் நிற்கும் நிலைகள் 61 − 21 = 40.

இந்த ஒரு கழித்தலில்தான் முழுத் தீர்வும் இருக்கிறது. துண்டுக்குள் எத்தனை கற்கள் என்பது கணக்கில் வரவே இல்லை. மிக உயர்ந்ததும் மிகத் தாழ்ந்ததும் மட்டும் போதும். நடுவில் இருப்பவை எப்படி ஏறி இறங்கினாலும் எண்ணிக்கை மாறாது. போட்டியில் புதிதாகச் சேர்பவர்கள் தொடக்க மதிப்பை 0, 1, 2 என்று ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொரு தடவையும் முழுத் தொடரையும் ஓட்டிப் பார்ப்பார்கள். எல்லை சிறிதானால் அதுவும் ஓடும். எல்லை 10⁹ ஆனால் கணினி பொழுது படும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். கழித்தலுக்கு அந்தக் கவலை கிடையாது.

இரண்டாவது துண்டு 0, −9, −6, −18. இடைவெளி 18, நிலைகள் 43.

மூன்றாவது துண்டில் சிக்கியது. 10 இலிருந்து 11 வழியாக 12 க்குப் போனால் −13. நேராகப் போனால் −18. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. ஆகவே இந்தத் துண்டுக்கு எண்ணிக்கை 0, பெருக்கினால் மொத்தமும் 0. இந்தக் கொப்பிக்குப் பொருந்தும் வாய்க்கால் உலகத்தில் இல்லை.

ஒரு கல்லில் தொடங்கி அதே கல்லுக்குத் திரும்பிவரும் கோடுகளை வட்டம் என்போம். இப்படி முரண்படும் வட்டத்தைக் கணினி பிடிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பன்னிரண்டு கல்லுக்குக் கையாலேயே செய்யலாம். ஆனால் ஒரு பெரிய குளத்தின் எல்லா வாய்க்கால்களையும் எடுத்தால் ஆயிரக்கணக்கான வரிகள் வரும். அங்கே கைகொடுப்பது எடை சேர்த்த யூனியன்-ஃபைண்ட் என்ற நிரல் முறை. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு தலைக்கல் உண்டு. தலைக்கல்லிலிருந்து இந்தக் கல் எவ்வளவு மேலே அல்லது கீழே என்ற எண்ணையும் கூடவே வைத்திருப்போம். தொடக்கத்தில் ஒவ்வொரு கல்லும் தனக்குத் தானே தலை, வித்தியாசம் 0.

கொப்பியில் ஒரு புதிய வரி வந்ததும் இரண்டு கற்களின் தலைகளையும் தேடுவோம். தலைகள் வேறாக இருந்தால் ஒன்றை மற்றொன்றின் கீழ்க் கட்டி, புதிய வரியிலிருந்து கணக்கிட்ட வித்தியாசத்தைத் தலைகளுக்கு இடையே எழுதுவோம். தலை ஒன்றாகவே இருந்தால் கட்ட எதுவும் இல்லை, சரிபார்க்க மட்டும்தான் இருக்கிறது. ஏற்கெனவே வைத்திருக்கும் இரண்டு எண்களின் கழிவு புதிய வரியோடு பொருந்துகிறதா? பொருந்தினால் போகலாம், பொருந்தாவிட்டால் விடை 0. தேடும்போதே பாதையைச் சுருக்கி, சிறிய துண்டைப் பெரியதின் கீழ்க் கட்டி வந்தால், ஒரு வரிக்கு ஆகும் வேலை நடைமுறையில் மாறிலி என்றே சொல்லலாம். ராபர்ட் டார்ஜன் 1975 இல் நிறுவிய எல்லை அது.

மாணவர்கள் தடுக்கி விழும் இடம் எப்போதும் குறிதான். “தலையிலிருந்து எனக்கு” என்று வைப்பதா, “என்னிலிருந்து தலைக்கு” என்று வைப்பதா? எதை வைத்தாலும் சரி, ஆனால் கடைசிவரை அதையே வைக்க வேண்டும். பாதையைச் சுருக்கும்போது வழியில் உள்ள வித்தியாசங்களைக் கூட்டிக்கொண்டு வராவிட்டால், சிறிய உதாரணங்களில் எல்லாம் சரியாக வந்து, பெரியதில் காலை வாரும்.

முரண் வந்தது 10→12 என்ற வரியில் என்று நிரல் காட்டியது. அதனால் அந்த வரிதான் பிழை என்று முடிவெடுக்கக் கூடாது. அது கடைசியாக வந்த வரி, அவ்வளவே. 11→12 ஐக் கடைசியாக வாசித்திருந்தால் பழி அதன் தலையில் விழுந்திருக்கும். நிரலுக்குத் தெரிவது இந்த மூன்றில் ஒன்றாவது பிழை என்பது மட்டும். எது என்று சொல்ல, அந்த வட்டத்துக்கு வெளியே இருந்து ஏதாவது வேண்டும். இன்னொரு வட்டம் அதே கோட்டைத் தொட்டுப் பொருந்தியிருந்தால் அந்தக் கோட்டை ஓரளவு நம்பலாம். இங்கே அப்படி இல்லை.

சரி, கொப்பியையே திரும்பப் பார்ப்போம் என்று வெளிச்சத்தில் பிடித்தோம். 18 இன் எட்டில் இடப்பக்கம் மங்கியிருந்தது. “உது மூண்டோ எட்டோ, ஐயா?” என்று ஒரு மாணவி கேட்டாள். செயலாளர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “மூண்டு எண்டுதான் வைச்சுக்கொள்ளுங்கோ, ஆனா வைச்சுக்கொண்டு மட்டும் இருக்காதேங்கோ” என்றார். சரியான வார்த்தை. 13 என்று வைத்தால் வட்டம் அழகாக மூடுகிறது என்பதாலேயே அதை ஏற்றுக்கொண்டால், சோதனைக்கு வைத்திருந்த ஒரே வரியை வீணாக்கியதாகிவிடும். அந்த ஒரு வரியை வயலில் மறுபடி பிடித்தார்கள். 13 தான்.

இப்போது மூன்றாவது துண்டின் இடைவெளி 13, நிலைகள் 48. மொத்தம் 40 × 43 × 48 = 82,560.

பெருக்கும் இடத்தில் ஒரு கண்ணி இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு துண்டின் இடைவெளி 61 ஐத் தாண்டினால் கழித்தலில் எதிர் எண் வரும். அதை 0 என்று ஆக்க வேண்டும். ஒரு மாணவனின் நிரல் அதைச் செய்யவில்லை. ஒரு துண்டு மட்டும் எல்லையை மீறினால் விடை எதிர் எண்ணாக வரும், உடனே கண்ணில் படும். இரண்டு துண்டுகள் மீறினால்? இடைவெளி 70 உம் 65 உம் என்று வையுங்கள். −9 × −4 = 36. பார்க்க நல்ல விடை, முழுப் பொய். எதிர் எண்ணைவிட இந்த மாதிரி நேர் எண்தான் ஆபத்து.

போட்டிகளில் விடையை 10⁹+7 ஆல் வகுத்து மீதியைக் கேட்பார்கள். அந்த எண் பகாஎண். ஆகவே ஒவ்வொரு காரணியும் அதைவிடச் சிறியதாகவும் பூச்சியமல்லாததாகவும் இருக்கும்வரை மீதி 0 ஆகாது. அதாவது நம் அளவில் மீதி 0 என்றால் உண்மையாகவே 0. வாய்க்காலுக்கு இதெல்லாம் தேவையில்லை. பைதன் நிரல்மொழி எத்தனை இலக்கத்தையும் தாங்கும்.

இனி செயலாளரின் கேள்விக்கு வருவோம். எங்கே பிடித்தால் போதும்?

ஒரே துண்டுக்குள் இன்னும் எத்தனை தடவை அளந்தாலும் 82,560 குறையாது. 2→5 ஐ அளந்தால் −17 வர வேண்டும் என்பது இப்போதே தெரியும். வந்தால் எண்ணிக்கை அப்படியே இருக்கும், வராவிட்டால் 0 ஆகும். நடுவில் ஒன்றும் கிடையாது. எண்ணிக்கையைக் குறைப்பது துண்டுக்குத் துண்டு போடும் பாலம் மட்டும்தான். மூன்று துண்டுக்கு இரண்டு பாலம், கடைசியாகத் துருசோடு ஒரு பாலம். ஆக மூன்று அளவீடுகள். அளவீடு எப்படி வந்தாலும் போதும் என்று உறுதியாகச் சொல்ல இதைவிடக் குறைவாக முடியாது.

பாலத்தை எந்த இரண்டு கற்களுக்கு இடையே போடுவது? கணக்குக்கு எதுவானாலும் ஒன்றுதான். 5→6 ஐ அளந்தாலும் 2→8 ஐ அளந்தாலும் கிடைக்கும் தகவல் ஒன்றே, மற்றவை துண்டுக்குள் ஏற்கெனவே தெரிந்தவை. ஆனால் வெயிலில் ஸ்டாஃபை (அளவுகோலை) பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு அது ஒன்றல்ல. தூரம் கூடக் கூடப் பிழையும் கூடும். அதனால் அடுத்தடுத்த கற்களையே எடுத்தோம்.

5→6 ஐ அளக்குமுன் என்னென்ன வரலாம் என்று பார்த்தது எனக்குப் பிடித்த பகுதி. 5ஆம் கல் 0 முதல் 39 வரைக்குள், 6ஆம் கல் 18 முதல் 60 வரைக்குள். ஆகவே வித்தியாசம் −21 இலிருந்து +60 வரை, மொத்தம் 82 விடைகளில் எதுவும் வரலாம். முதலிரண்டு துண்டுகளின் 40 × 43 = 1,720 சாத்தியங்களும் அந்த 82 பெட்டிகளில் பகிர்ந்து கிடக்கின்றன. ஓரத்துப் பெட்டியில் 1 தான் இருக்கும், நடுப் பெட்டிகளில் 40 வரை. அளவீடு என்பது ஒரு பெட்டியைத் திறந்து மற்ற 81 ஐயும் தூக்கி எறிவது. வந்தது −4. அந்தப் பெட்டியில் இருப்பது 18.

கழித்தல் வழியிலும் அதே விடைதான்: இணைந்த துண்டின் அடி −43 இல், இடைவெளி 43, 61 − 43 = 18. மொத்தம் 18 × 48 = 864.

அடுத்த பாலம் 9→10. வந்தது −3. இப்போது எல்லாக் கல்லும் ஒரே துண்டு. 12ஆம் கல் 1ஆம் கல்லைவிட 59 தாழ்வு. 61 − 59 = 2.

எண்பத்திரண்டாயிரத்தைத் தாண்டிய எண் இரண்டே இரண்டு பாலத்தில் 2 ஆகிவிட்டது. 1ஆம் கல் துருசடியின் மட்டத்திலேயே இருக்கலாம், அல்லது 1 செ.மீ. கீழே. துருசோடு ஒரு தடவை பிடித்தார்கள். 1 செ.மீ. கீழே. அட்டவணை முடிந்தது:

59, 55, 48, 44, 38, 34, 25, 28, 16, 13, 8, 0.

இதுவரை எல்லா வித்தியாசத்தையும் மயிரிழை பிசகாத முழு எண்ணாக எடுத்தோம். வயலில் அப்படி இல்லை. லெவல் பிடிப்பவர்கள் வட்டமாகப் போய்த் தொடங்கிய இடத்துக்கே வந்து, எவ்வளவு பிசகு என்று பார்ப்பார்கள். அனுமதிக்கும் பிசகு நடந்த தூரத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதமாக இருக்கும். எனவே −5 என்றால் உண்மையில் −4, −5, −6 இல் ஏதாவது ஒன்று என்று வைப்பதுதான் நேர்மை. அப்படி வைத்து மூன்றாவது துண்டை மட்டும் மறுபடி எண்ணினோம்.

10→12 ஐ விட்டுவிட்டு மற்ற இரண்டு வரிகளை மட்டும் எடுத்தால் 3 × 3 = 9 வகைகள். இடைவெளி 11 முதல் 15 வரை வரும். எல்லாவற்றையும் கூட்டினால் 432. இப்போது 13 ஐயும் ஒரு சென்ரிமீற்றர் தளர்வோடு சேர்த்தால், 12, 13, 14 தரும் 7 வகைகள் மட்டும் நிற்கும்: 2 × 49 + 3 × 48 + 2 × 47 = 336. துண்டுக்குள் அளந்தால் எண்ணிக்கை குறையாது என்று சற்று முன்பு சொன்ன விதி இங்கே பொய்த்துவிட்டது. துல்லியமான உலகத்தில் உபரியாக இருந்த மூன்றாவது கோடு, தளர்வான உலகத்தில் 96 ஐக் கழிக்கிறது. வட்டமாகப் பிடிப்பது வீண் வேலையல்ல என்று நில அளவையாளர்கள் சொல்வதற்குக் கணக்கில் இடம் இதுதான்.

கொப்பியில் முதலில் தெரிந்த 18 ஐ இதே தளர்வோடு வைத்துப் பார்த்தாலும் 17, 18, 19 எதுவும் எட்டாது. எண்ணிக்கை 0 தான். அப்படியென்றால் அது சாதாரணப் பிசகு இல்லை, எழுத்திலோ வாசிப்பிலோ நேர்ந்த தவறு. இரண்டு வகைப் பிழையையும் பிரித்துக் காட்ட இந்தச் சோதனை நல்லது.

தளர்வு வந்ததும் பொதுக் கணக்கு வேறு சாதியாகிவிடுகிறது. பொருந்தும் தொடர் ஒன்றாவது உண்டா என்று கேட்டால் பெல்மன்-ஃபோர்ட் முறை சொல்லிவிடும். எத்தனை என்று கேட்டால் நல்ல குறுக்குவழி இல்லை. ஒவ்வொரு உறுப்பும் 0 அல்லது 1, சில சோடிகளில் ஒன்று மற்றதைவிடக் கூடக் கூடாது என்ற மிக எளிய வடிவத்தில்கூட, எண்ணுவது மிகக் கடினமான வகுப்பில் சேரும் என்று புரோவன், பால் என்ற இரு ஆய்வாளர்கள் 1983 இல் காட்டியிருக்கிறார்கள். கோடுகள் வட்டம் இல்லாமல் மரமாக இருந்தால் படிப்படியாகக் கூட்டிப் போகலாம். பன்னிரண்டு கல்லுக்குக் கவலை இல்லை.

குறி எழுதாமல் விட்ட கொப்பிகளும் உண்டு. வாய்க்கால் என்றால் இறக்கம்தானே என்று நினைத்து வெறும் எண்ணை மட்டும் எழுதிவிடுவார்கள். நம் கொப்பியில் 7→8 க்கு முன்னால் கூட்டல் குறி போட்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும். குறிகள் இல்லாதிருந்தால், இரண்டாவது துண்டின் மூன்று கோடுகளுக்கும் எட்டு விதமான ஏற்ற இறக்கங்கள். இடைவெளிகள் 24, 12, 18, 15, ஒவ்வொன்றும் தலைகீழாகவும் ஒரு தடவை. நிலைகளைக் கூட்டினால் 37 + 49 + 43 + 46 = 175, இரட்டிப்பாக 350. குறியோடு இருந்தபோது 43. அதோடு, வட்டம் ஒன்று மூடுகிறதா என்று பார்ப்பதே கடினமாகிவிடும். எந்த எண்களுக்குக் கூட்டல், எந்த எண்களுக்குக் கழித்தல் போட்டால் மொத்தம் 0 வரும் என்பதுதான் கேள்வி. கணினியியலாளர் ரிச்சர்ட் கார்ப் 1972 இல் தந்த 21 கடினப் பிரச்சினைகளின் பட்டியலில் உள்ள பங்கீட்டுப் பிரச்சினை அதுவே.

எந்தச் சோடிக்கு எந்த வித்தியாசம் என்பதும் அழிந்து, வித்தியாசங்கள் ஒரு குவியலாக மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்று மாணவி கேட்டாள். படிகங்களை எக்ஸ்-கதிரால் ஆராய்பவர்களுக்கு இந்தத் தொல்லை உண்டு. 0, 1, 4, 10, 12, 17 என்ற தொகுதியையும் 0, 1, 8, 11, 13, 17 என்ற தொகுதியையும் எடுத்து எல்லாச் சோடி வித்தியாசங்களையும் எழுதிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே 15 எண்கள்தான் வரும். ஆனால் ஒன்றை நகர்த்தியோ திருப்பியோ மற்றதாக்க முடியாது. வெறும் வித்தியாசக் குவியலால் தீர்க்க முடியாத வேறுபாடுகள் இருக்கின்றன.

கடைசியாக வாய்க்கால். 7ஆம் கல்லில் 25, 8ஆம் கல்லில் 28. தண்ணீர் மூன்று சென்ரிமீற்றர் ஏற வேண்டியிருக்கிறது. அதனால் 7 க்கு மேற்புறம் தேங்குகிறது, கடைசி வயல்காரர்கள் பின்னேரம்வரை காத்திருக்கிறார்கள். இது அட்டவணை முடிந்த பிறகு தெரிந்த விஷயமல்ல. 82,560 தொடர்கள் இருந்தபோதே அத்தனையிலும் 8ஆம் கல் 7 ஐவிட 3 உயரமாகத்தான் இருந்தது. ஒரே துண்டுக்குள் உள்ள இரண்டு கற்களைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் எண்ணிக்கை எவ்வளவு பெரிதானாலும் விடை ஒன்றுதான். 5 க்கும் 6 க்கும் இடையே இறக்கம் இருக்கிறதா, கடைசிக் கல் கழிவு வாய்க்காலுக்கு எவ்வளவு மேலே என்பவற்றுக்குத்தான் பாலங்கள் தேவைப்பட்டன.

மதிப்பீட்டில் 8ஆம் கல்லடியில் 28 ஐ 21 ஆக்க 7 செ.மீ. வெட்டுவது என்று எழுதினார்கள். 25, 21, 16 என்று இறங்கும். “கொப்பியில முதலே கிடந்திருக்கு” என்றார் செயலாளர். 1ஆம் கல்லுக்கும் துருசுக்கும் இடையிலான அந்த ஒரு சென்ரிமீற்றர் வெட்டும் ஆழத்தை மாற்றவில்லை. 60 என்று வந்திருந்தாலும் இங்கே வெட்டுவது 7 தான்.